கமாண்ட் லைன் கருவி எழுதியாச்சு, அப்புறம் என்ன?

கருவி எழுதுவது எப்படி என்று சொல்லித்தர யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எழுதி முடித்து, கோடை எல்லோரும் பார்க்கிற மாதிரி வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்றி, முன்பின் தெரியாத நாலு பேர் அதை இறக்கிப் பயன்படுத்த ஆரம்பித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத்தான் ஆள் குறைவு. காட்பாடி, பாகாயம் பக்கம் கல்லூரிகளில் கடைசி வருடப் புராஜெக்ட்டாக நல்ல நல்ல கருவிகளை எழுதுகிறார்கள், வைவா முடிந்த மறுநாள் அது அநாதை. அப்படி ஆகாமல் இருக்க என்ன வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். பைத்தானோ வேறு எதுவோ கொஞ்சம் தெரிந்தால் போதும்.

கமாண்ட் லைன் கருவி என்றால் பட்டன், ஜன்னல் எதுவும் இல்லாமல் டெர்மினலில் பெயரைத் தட்டினால் ஓடுகிற புரோகிராம். கோடின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட், இணையத்திலிருந்து தரவை இழுக்கும் கர்ல், ஃபைலுக்குள் சொல்லைத் தேடும் கிரெப் எல்லாம் இந்த ஜாதிதான். ஓப்பன் சோர்ஸ் என்றால் கோட் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், எடுத்து மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதற்கான அனுமதி ஒரு லைசென்ஸ் ஃபைலாகக் கூடவே இருக்க வேண்டும். அந்த ஃபைல் இல்லாமல் கிட்ஹப்பில் போட்டால் கோட் ஊருக்கே தெரியும், யாரும் சட்டப்படி தொட முடியாது. எம்ஐடி, ஜிபிஎல் என்ற பிரபலமான லைசென்ஸ்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போட்டுவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

சரி, ஓர் உதாரணம் வேண்டும். 'ஊர்' என்று ஒரு சின்னக் கருவி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊர் பெயரைக் கொடுத்தால் மாவட்டத்தைச் சொல்லும், அவ்வளவுதான்.

$ ஊர் குடியாத்தம்
வேலூர்
$ ஊர் ஆம்பூர்
திருப்பத்தூர்
$ ஊர் அரக்கோணம்
ராணிப்பேட்டை

இதை யார் பயன்படுத்துவார்கள்? நீங்கள் நினைப்பது டெர்மினல் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஓர் ஆளை. நிஜத்தில் வாலாஜாவில் ஏதோ ஒரு பார்சல் புக்கிங் ஆபீஸில் கணக்கு பார்க்கிற பையன் பத்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அன்றைய முகவரிகளை ஒவ்வொன்றாக உங்கள் கருவிக்குள் தள்ளி, வருகிற பதிலை அப்படியே ஸ்டிக்கரில் அச்சடித்துக்கொண்டிருப்பான். அவன் உங்களுக்கு நன்றி சொல்லி மெயில் போடப்போவதில்லை, நீங்கள் ஒருவர் இருப்பதே அவனுக்குத் தெரியாது. அந்த ஸ்கிரிப்ட்டுக்குக் கண்ணும் கிடையாது, 'இது ஏதோ தப்பாக இருக்கிறதே' என்று அது யோசிக்காது. ஆக, உங்கள் கருவி என்ன அச்சிடுகிறது, தோற்றால் எப்படித் தோற்கிறது, அதன் ஆப்ஷன்களுக்கு என்ன பெயர் என்பதெல்லாம் தெரியாத ஒருவருக்கு நீங்கள் கொடுத்த வாக்கு. டெஸ்ட் எழுதுவது என்றால் அந்த வாக்கை எழுத்தில் வைப்பது. பராமரிப்பு என்றால் உலகம் மாறிக்கொண்டே இருக்கும்போதும் அதைக் காப்பாற்றுவது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிற விவரங்கள்தான்.

முதல் விவரம், ஒரு கருவிக்குப் பேச மூன்று வழிகள் இருக்கின்றன. பதிலைச் சொல்ல ஸ்டாண்டர்ட் அவுட்புட், புகார் சொல்ல ஸ்டாண்டர்ட் எரர், முடிந்த பிறகு 'நடந்ததா, நடக்கவில்லையா' என்று சொல்ல எக்ஸிட் கோட் எனும் ஓர் எண். முதல் இரண்டும் டெர்மினலில் ஒன்றாகக் கலந்துதான் தெரியும், அதனால் புதியவர்கள் வித்தியாசம் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டுவிடுகிறார்கள். இப்போது யாரோ எழுத்துப் பிழையோடு 'ஆம்பூரு' என்று கொடுக்கிறார்கள், உங்கள் கருவி 'ஊர் கிடைக்கவில்லை' என்று சாதாரண பிரிண்ட்டில் சொல்லிவிட்டு முடிந்துவிடுகிறது என்று வையுங்கள். வாலாஜா ஸ்டிக்கரில் என்ன வரும்? மாவட்டம்: ஊர் கிடைக்கவில்லை. அந்த மூட்டை அப்படியே லாரி ஏறும்.

எக்ஸிட் கோட் சுழியம் என்றால் வெற்றி, வேறு எதுவானாலும் தோல்வி. கிரெப்பில் இது அழகாகப் பிரிந்திருக்கும்: தேடியது கிடைத்தால் 0, கிடைக்கவில்லை என்றால் 1, ஃபைலையே திறக்க முடியவில்லை என்பது போன்ற நிஜக் கோளாறு என்றால் 2. 'இல்லை' என்ற பதிலும் 'பார்க்கவே முடியவில்லை' என்ற பதிலும் ஒன்றில்லை அல்லவா? உங்கள் கருவியிலும் இதே மாதிரி பிரித்துவிடுங்கள். சிலர் புத்திசாலித்தனமாக எத்தனை பிழைகள் வந்ததோ அந்த எண்ணிக்கையையே எக்ஸிட் கோடாகத் திருப்பி அனுப்புவார்கள், அது வேண்டாம். லினக்ஸில் அந்த எண் ஒரே ஒரு பைட், 0 முதல் 255 வரைதான் கொள்ளும், சரியாக 256 பிழை வந்தால் அது சுற்றி வந்து 0 ஆகிவிடும், ஸ்கிரிப்ட் 'சூப்பர், எல்லாம் சரி' என்று அடுத்த வேலைக்குப் போய்விடும்.

இனி டெஸ்ட். பலரும் இதை ஏதோ பெரிய சாஸ்திரம் மாதிரி பயமுறுத்துகிறார்கள். ஒரு கமாண்ட் லைன் கருவிக்கு முதல் டெஸ்ட் எப்படி இருக்கும் என்றால், கருவியை வெளியிலிருந்து, ஒரு பயனர் ஓட்டுவது போலவே ஓட்டு, வந்த பதிலை ஏற்கெனவே எழுதி வைத்த பதிலோடு ஒப்பிடு, ஓர் எழுத்து மாறினாலும் கத்து. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை, பையர் ஓகே செய்த சாம்பிள் ஜோடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு லாட்டையும் பார்ப்பார்கள். எதிர்பார்க்கும் பதில்களை ஒரு ஃபோல்டரில் ஃபைல்களாக வைத்து, டிஃப் கட்டளையால் ஒப்பிட்டால் அதுவே டெஸ்ட் தொகுப்பு. பாஷ் ஸ்கிரிப்ட்டிலேயே எழுதலாம், பேட்ஸ் என்ற சின்ன உதவிக் கருவி இருக்கிறது, பைத்தான் என்றால் பைடெஸ்ட். உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தனித்தனி டெஸ்ட் எழுதுவதை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன், ஏனென்றால் நாளைக்கு உள்ளே முழுவதையும் மாற்றி எழுதினால் அந்த டெஸ்ட்டெல்லாம் குப்பைக்குப் போகும், வெளியிலிருந்து எழுதியவை நிற்கும்.

ஒரு ஊருக்கு மூன்று டெஸ்ட் எழுத வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்: பதில் சரியா, எரர் பக்கம் காலியா, எக்ஸிட் கோட் சரியா. முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு விடுகிறவர்கள்தான் அதிகம்.

எந்த உள்ளீட்டைக் கொடுத்துச் சோதிப்பது என்பதில்தான் சுவாரசியமே. 'வேலூர்' கொடுத்தால் 'வேலூர்' வருகிறது என்பது டெஸ்ட்தான், ஆனால் அதில் எதுவும் உடையாது. உடைகிற இடங்கள் வேறு. தமிழில் கருவி எழுதினால் உடைகிற இடங்களுக்குப் பஞ்சமே இல்லை.

வேலூர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கிற நமக்கு அது வே, லூ, ர் என்று மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற யூனிகோடில் வ, ஏகாரக் கொம்பு, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஆறு குறியீடுகள். அதை ஃபைலில் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட், ஆக 18. பைத்தானில் நீளம் கேட்டால் 6 என்று சொல்லும், பைட்டாக எண்ணுகிற கருவி 18 என்று சொல்லும், 3 என்று சொல்ல ஓப்பன்-தமிழ் போன்ற நூலகம் எதையாவது கூப்பிட வேண்டும். உங்கள் கருவி பதிலை அட்டவணையாக வரிசைப்படுத்தி, பத்து எழுத்துக்கு மேல் போனால் வெட்டி அச்சிடுகிறது என்றால், ஒரு கொம்பை அந்தரத்தில் விட்டுவிட்டு உயிர்மெய்யை நடுவில் வெட்டிப்போடும் வாய்ப்பு நிச்சயம் இருக்கிறது.

இதைவிட நுணுக்கமானது கொணவட்டம். வேலூரிலேயே இருக்கிற இடம்தான். முதல் எழுத்தான கொ, கணினிக்குள் இரண்டு விதமாக இருக்கலாம்: க-வோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது க-வோடு ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒரே மாதிரி, பூதக்கண்ணாடி வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒப்பிட்டால் சமமில்லை என்றுதான் கணினி சொல்லும். யாரோ ஒரு பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் இரண்டாவது வகை வந்து விழ வாய்ப்பு உண்டு, 'கொணவட்டம் கிடைக்கவில்லை' என்று உங்கள் கருவி பிடிவாதம் பிடிக்கும், புகார் கொடுத்தவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார், அதில் எல்லாம் சரியாகவே தெரியும், நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். மருந்து எளிது, உள்ளே வருகிற எதையும் முதலில் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், பைத்தானில் அது ஒரே வரி. ஆனால் அந்த வரியை ஆறு மாதம் கழித்து 'இது எதற்கு இங்கே சும்மா கிடக்கிறது' என்று யாராவது, அது நீங்களாகவும் இருக்கலாம், தூக்கிவிடாமல் இருக்க இரண்டு கொ-வுக்கும் ஒவ்வொரு டெஸ்ட் இருக்க வேண்டும்.

விண்டோஸ் நோட்பேடில் சேமித்த பட்டியலில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக ஒட்டிக்கொண்டு வரும், அதற்கு ஒரு டெஸ்ட். காலி வரிக்கு ஒன்று. கே.வி.குப்பத்தைப் புள்ளி வைத்து எழுதுகிறவர்கள், இடம் விட்டு எழுதுகிறவர்கள், சேர்த்து எழுதுகிறவர்கள் என்று மூன்று கட்சி. ஆற்காட்டை ஆர்க்காடு என்றும், குடியாத்தத்தைக் குடியேற்றம் என்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் திருப்பத்தூர்: நம்ம திருப்பத்தூர் ஒன்று, சிவகங்கை மாவட்டத்தில் இன்னொன்று. இதற்கு உங்கள் கருவி என்ன சொல்ல வேண்டும்? முதலில் கிடைத்ததைச் சொல்லிவிட்டுப் போவதா, இரண்டையும் சொல்வதா, 'பின்கோடு கொடுங்கள்' என்று எரரில் கேட்டுவிட்டு நிற்பதா? மூன்றுமே நியாயம்தான். எது என்று முடிவெடுத்து டெஸ்ட்டாக எழுதிவிட்டால் அது முடிவு, எழுதாவிட்டால் டேட்டா ஃபைலில் எந்த ஊர் மேலே இருக்கிறதோ அதுதான் முடிவு செய்யும். என் ஓட்டு கேட்டுவிட்டு நிற்பதற்குத்தான், ஏனென்றால் திருப்பத்தூர் பார்சல் காரைக்குடிப் பக்கம் போனால் அது திரும்பி வருவதற்குள் ஒரு வாரம் ஆகிவிடும்.

இனி பராமரிப்பு. எல்லா டெஸ்ட்டும் பச்சை, ஒரு வரி கோடும் மாற்றவில்லை, ஆனாலும் ஒருநாள் கருவி தப்பாகிவிடும். எப்படி? 2019 ஆகஸ்டில் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரிப்பதாக அறிவித்தார்கள், நவம்பர் இறுதியில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமாகின. அதுவரை 'ஆம்பூர்' என்றால் 'வேலூர்' என்று சொன்ன பதில் சரி, அதற்குப் பிறகு தப்பு. டெஸ்ட்டோ பழைய பதிலையே சரி என்று அடம்பிடிக்கும். எழுதி வைத்த பதிலும் பழசாகும் என்பதால், டெஸ்ட் உடைந்தால் கோட் தப்பு என்று உடனே ஓடாமல் 'யார் சொல்வது இப்போது சரி' என்று பார்க்க வேண்டும்.

அடுத்து ஒரு வேண்டுகோள் வரும். பழைய சொத்துப் பத்திரங்களை வைத்து வேலை செய்கிற ஒருவர், 'பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம், ஆரணி என்று இருக்கிறது, உங்கள் கருவி திருவண்ணாமலை என்கிறது, வருடம் கொடுத்தால் அந்தக் கால மாவட்டத்தைச் சொல்கிற மாதிரி ஓர் ஆப்ஷன் வையுங்களேன்' என்று கேட்கிறார். நியாயமான ஆசை. உற்சாகத்தில் அன்றைக்கு ராத்திரியே எழுதிவிடலாம்:

$ ஊர் --ஆண்டு 1985 ஆரணி
வட ஆற்காடு

சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 1989 கொடுத்தால்? வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது 1989 செப்டம்பர் 30 அன்று. அந்த வருடத்தின் முதல் ஒன்பது மாதம் ஒரு பதில், கடைசி மூன்று மாதம் வேறு பதில். 2019-இல் ஆம்பூருக்கும் இதே கதை. 1911-இல் சித்தூர் பிரிந்தபோதும் இதே கதை. ஆக, இந்த ஆப்ஷன் வருடத்தை வாங்கக் கூடாது, தேதியை வாங்க வேண்டும். எல்லைகளில் சோதிப்பது என்று பாடப்புத்தகத்தில் சொல்வது இதைத்தான், பிரிந்த நாளுக்கு முந்தைய நாள், பிரிந்த நாள், அடுத்த நாள், மூன்றுக்கும் பதில் என்ன என்று கோட் எழுதும் முன்பே எழுதிப் பார்த்தால் ஆப்ஷனின் வடிவமே தப்பு என்று அப்போதே தெரிந்திருக்கும்.

தெரியாமல் வெளியிட்டுவிட்டால் என்ன, அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாமே என்றால், முடியாது. அந்த ஒரு வாரத்தில் யாராவது '--ஆண்டு' என்று தங்கள் ஸ்கிரிப்ட்டில் எழுதியிருப்பார்கள். எடுக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது: முதலில் '--தேதி' என்று புதியதைச் சேர்த்து, பழையதையும் வேலை செய்ய விட்டு, 'இது அடுத்த பெரிய பதிப்பில் போய்விடும்' என்று எச்சரிக்க வேண்டும். எச்சரிக்கை எரர் பக்கம் போக வேண்டும், பதில் பக்கம் போனால் அதுவும் ஸ்டிக்கரில் வந்து உட்காரும். பிறகு பதிப்பு எண்ணின் முதல் இலக்கத்தை ஏற்றி வெளியிடும்போது எடுக்கலாம். 1.4.2 என்பது போல மூன்று எண்கள் வைப்பது இதற்குத்தான்: கடைசி எண் ஏறினால் வழு திருத்தம், நடு எண் ஏறினால் புதிதாக ஏதோ சேர்ந்திருக்கிறது ஆனால் பழையது எதுவும் உடையாது, முதல் எண் ஏறினால் ஜாக்கிரதை. செமான்டிக் வெர்ஷனிங் என்று பெயர்.

ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது கிட்டில் சேமிக்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும், டெஸ்ட் தானாக ஓட கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற ஏதாவது ஒன்றை அமைத்துவிடுங்கள், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும். உங்கள் லேப்டாப்பில் ஓடியது அங்கே உடைந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று காரணம். வரிசைப்படுத்துவது மெஷினின் மொழி அமைப்பைப் பொறுத்து மாறும், அதனால் டெஸ்ட்டுக்குள் அதை ஒரே நிலையில் பூட்டிவிட வேண்டும். இரண்டாவது நேரம். தேதி கொடுக்காவிட்டால் 'இன்று' என்று எடுத்துக்கொள்கிற கருவி, வேலூரில் விடிகாலை ஐந்து மணிக்கு ஓடினால் ஒரு தேதி, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிற சர்வரில் அதே நொடியில் ஓடினால் நேற்றைய தேதி. சில நேரம் மட்டும் உடைந்து, மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிற டெஸ்ட்டை 'பரவாயில்லை, மறுபடி ஓட்டு' என்று பழகிவிடாதீர்கள். அப்படிப் பழகினால் நிஜமாக உடையும்போதும் கை தானாக மறுபடி ஓட்டும் பட்டனுக்குத்தான் போகும்.

புகார்கள் வரும், அதுவும் இப்படித்தான் வரும்: 'அண்ணா, டூல் வேலை செய்யல, நாளைக்கு சப்மிஷன், ப்ளீஸ் சீக்கிரம் பாருங்கண்ணா.' இதில் கோபப்பட ஒன்றுமில்லை, ஆனால் பிடித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. 'தம்பி, எந்த வெர்ஷன், என்ன தட்டின, என்ன வந்துச்சு, என்ன வரணும்னு எதிர்பார்த்த, இந்த நாலையும் அப்படியே காப்பி பண்ணி அனுப்பு, ஸ்கிரீன்ஷாட் வேணாம்' என்று கேளுங்கள். கொணவட்டம் கதை தெரிந்த பிறகு ஸ்கிரீன்ஷாட் ஏன் வேண்டாம் என்று உங்களுக்கே புரியும். பதில் வந்ததும் கோடில் கை வைக்காதீர்கள். முதலில் அந்தப் புகாரையே ஒரு டெஸ்ட்டாக எழுதி, அது உடைவதைக் கண்ணால் பாருங்கள், பிறகு திருத்துங்கள். உடைவதைப் பார்க்காமல் திருத்தினால், நீங்கள் திருத்தியது அவர் சொன்ன கோளாறைத்தானா என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. 'போன மாசம் ஓடுச்சு, இப்ப ஓடல' என்றால் கிட் பைசெக்ட் கைகொடுக்கும்: நல்ல கமிட் ஒன்று, கெட்ட கமிட் ஒன்று காட்டினால் நடுவில் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும், ஆயிரம் கமிட் இருந்தாலும் சுமார் பத்து முறை சோதித்தால் குற்றவாளி சிக்கும்.

கொஞ்ச நாளில் கோட் அனுப்புகிறவர்களும் வருவார்கள். சந்தோஷம்தான், ஆனால் 2024 மார்ச்சில் நடந்ததைத் தெரிந்துகொண்டு சந்தோஷப்படுங்கள். எக்ஸ்இசட் என்று ஃபைல்களைச் சுருக்குகிற கருவி, கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கும். பல வருடங்களாக அதைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் களைத்துப்போயிருந்த நேரம். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவி செய்து செய்து நம்பிக்கையைப் பெற்று, வெளியிடும் உரிமையையும் பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவை, அதாவது யாருக்கும் தெரியாமல் உள்ளே நுழைகிற ரகசிய வழியை, வைத்துவிட்டார். எங்கே ஒளித்தார் தெரியுமா? டெஸ்ட் ஃபைல்களுக்குள். சுருக்கும் கருவிக்கு வேண்டுமென்றே பழுதாக்கிய ஃபைல்கள் டெஸ்ட்டுக்குத் தேவைதான், அதைத் திறந்து படிக்க யாராலும் முடியாது, யாரும் சந்தேகப்படவும் இல்லை. தொலைவில் இருக்கிற கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர் கிண்டிப் பார்த்ததால்தான், பெரிய லினக்ஸ் டிஸ்ட்ரோக்களின் (லினக்ஸ் வகைகளின்) நிலையான பதிப்புகளுக்குள் போவதற்கு முன்பே அது பிடிபட்டது.

உங்கள் 'ஊர்' கருவிக்கு யாரும் பின்கதவு வைக்க மெனக்கெட மாட்டார்கள்தான். ஆனாலும் டெஸ்ட் டேட்டா மனிதர் படிக்கிற மாதிரி இருக்கட்டும், படிக்க முடியாத ஃபைல் வேண்டும் என்றால் அதை உருவாக்குகிற ஸ்கிரிப்ட்டையும் கூடவே வையுங்கள். வருகிற ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு டெஸ்ட் வர வேண்டும் என்று ரீட்மீ என்ற அறிமுகக் குறிப்பு ஃபைலில் எழுதிவிடுங்கள். பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள், மீதிப் பேர்தான் உங்களுக்கு வேண்டியவர்கள். கிரிக்கெட் ஸ்கோர் காட்டுகிற ஆப்ஷன் வேண்டும் என்று கேட்பார்கள், மறுத்துவிடுங்கள், காரணம் ஒரு வரி போதும்.

நேரம் இல்லாமல் போவதும் நடக்கும், வேலைக்காகப் பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்விடுவீர்கள். ஜேசான் தரவைப் பிரித்துப் படிக்கிற, உலகப் பிரபலமான ஜேக்யூ கருவியே 2018 நவம்பரில் 1.6 வந்த பிறகு 2023 செப்டம்பர் வரை அடுத்த பதிப்பு இல்லாமல் கிடந்தது, புதிய ஆட்கள் சிலர் பொறுப்பு எடுத்துக்கொண்ட பிறகுதான் 1.7 வெளிவந்தது. நிறுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சொல்லாமல் நிறுத்துவதில்தான் சிக்கல். 'இதை இப்போது யாரும் பராமரிக்கவில்லை' என்று ரீட்மீயின் முதல் வரியில் போட்டு, கிட்ஹப்பில் ஆர்க்கைவ் செய்துவிடலாம், அதாவது படிக்க மட்டும் முடிகிற மாதிரி பூட்டிவிடலாம். எடுத்து நடத்த யாராவது முன்வந்தால், உடனே சாவியைக் கொடுத்துவிடாமல், அவர் அனுப்பும் திருத்தங்களைச் சில மாதம் நீங்களே பார்த்துச் சேர்த்து, அப்புறம் பேக்கேஜ் பெயரின் உரிமையை மாற்றிக் கொடுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது பெரும்பாலும் 'டெஸ்ட் எப்படி ஓட்டுவது' என்றுதான், அந்தக் கட்டளையை ரீட்மீயில் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.